ஆறு அட்டைகளைக் குளிப்பாட்டிய கதை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

என் தங்கையின் கல்யாண வரவேற்பில் நான் வாழ்த்துரை வழங்கினேன். பாளையங்கோட்டையில் எங்கள் சபைக் கல்யாணங்களில், கோயிலில் ஆராதனை முடிந்து, பக்கத்து ஹாலில் கேக்கும் வெட்டிய பிறகு, பிரியாணிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு மைக் நிற்கும். அதில் ஐந்தாறு பேர் பேசாமல் தட்டு வெளியே வராது. போதகரய்யா பேசினார். மாமா பேசினார். அப்பாவோடு வேலை பார்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இல்லறத்துக்குப் பத்துக் குறிப்புகள் கொண்டுவந்து, ஏழாவதில் வழி தவறி, மறுபடி மூன்றிலிருந்து வந்தார். கடைசியாக மணப்பெண்ணின் அண்ணன். பசியில் வாடிய ஜனத்தைச் சிரிக்க வைப்பது என் கடமை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

"மாப்பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை," என்று ஆரம்பித்தேன். "என் தங்கச்சி சித்த மருத்துவர். அவங்க ஆஸ்பத்திரியில பானை பானையா அட்டை வளக்காங்க. ரத்தம் உறிஞ்ச அட்டை எதுக்கு, இவளே போதுமேன்னு நானும் பல தடவை கேட்டுட்டேன். இத்தனை வருசம் என் ரத்தத்தைக் குடிச்சா. இனிமே உங்க முறை. ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. அட்டை கடிச்சு ஏதாவது ஆயிட்டுன்னா, நிஜ டாக்டர் ஒருத்தன் வீட்டுலயே இருக்கேன்."

ஹால் அதிர்ந்தது. என் துறைத் தலைவர், நாங்கள் சீஃப் என்று சொல்பவர், முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தங்கை மட்டும் கையிலிருந்த பூச்செண்டில் எத்தனை ரோஜா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். 'நிஜ டாக்டர்' என்ற இடத்தில் எண்ணுவதை நிறுத்தி, ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீடியோக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து அவள் முகத்தைப் பெரிதாக்கிப் பிடித்திருக்கிறார். அவள் புகுந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு அந்த வீடியோவும் உண்டு. அதன் பிறகு ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மருந்துச் சீட்டில் அடங்கும்.

நிஜ டாக்டரின் லட்சணத்தையும் கேளுங்கள். நான் அப்போது பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பில் இருந்தேன். டாக்டர் படிப்பு முடித்து, அதன்மேல் பொது அறுவை சிகிச்சை மூன்று வருடம் படித்து, அதுவும் போதாதென்று இன்னொரு மூன்று வருடம். முப்பத்துமூன்று வயதிலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாணவன். வள்ளியூர்ச் சித்தி போன் செய்யும்போதெல்லாம், "ஏலே, என் மூக்கைக் கொஞ்சம் எடுப்பா ஆக்கித் தரப்பிடாதா?" என்று கேட்பாள். "பாக்கேன் சித்தி" என்பேன். மூக்கு எடுப்பாக்க வந்த ஒருவரையும் அந்த வார்டில் நான் பார்த்ததில்லை. எங்களிடம் வருவது அடுப்பில் வெந்த முதுகு, பேட்டைப் பட்டறையில் மெஷினுக்குள் போன விரல், நான்குவழிச் சாலையில் தேய்ந்த முழங்கால், மாதக்கணக்கில் படுத்தே கிடந்ததால் வந்த புண். தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து வெந்த இடத்தில் ஒட்டுவோம். சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் பாதி ஒட்டியிருக்கும், பாதி ஒட்டியிருக்காது. ஒட்டியதற்குக் காரணம் சீஃப். ஒட்டாததற்குக் காரணம் மேற்படிப்பு மாணவன்.

காலை ஏழு மணிக்கு முதல் கட்டைப் பிரித்தால் கடைசிக் கட்டைக் கட்டும்போது அது அன்றைய ஏழு மணியா மறுநாள் ஏழு மணியா என்று சுவரைப் பார்க்க வேண்டியிருக்கும். நின்றுகொண்டே தூங்கப் பழகினேன். வீட்டுக்குப் போன ஒரு நாள் அம்மா காபியோடு வந்து எழுப்ப, கண்ணைத் திறக்காமல் "எப்பக் காயம் பட்டது? எங்க வச்சு?" என்று கேட்டிருக்கிறேன். "காயம்லாம் இல்லலே, காபிதான். குடி," என்றாள் அம்மா.

அந்த மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழையிலை அறுப்பவர். ஐம்பது வயதிருக்கும். விடியும் நேரத்தில் தோட்டத்தில் இலை அறுக்கும்போது, வலது கை அரிவாள் அவருடைய இடது கைப் பெருவிரலையும் சேர்த்து அறுத்துவிட்டது. விரல் போனதைவிட அது போய் விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்ததாம். அவர் மனைவி சருகுக்குள் துழாவி எடுத்து, ஒரு குருத்திலையில் பொதிந்து, அந்த வழியாகப் போன மீன்காரரை நிறுத்தி, அவருடைய ஐஸ் பெட்டியில் சாளை மீன்களுக்கு நடுவில் வைத்து, பெட்டியோடு தோட்டக்காரரின் வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

துண்டான விரலை நேராக ஐஸில் போட்டால் உறைந்து கெட்டுப்போகும். எதிலாவது பொதிந்துதான் ஐஸ்மேல் வைக்க வேண்டும். இதை நாங்கள் படித்து, மறந்து, மறுபடி படித்துப் பரீட்சை எழுதுவோம். "இலையில பொதிஞ்சு வைக்கணும்னு யாரும்மா சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? எங்க பொழைப்பே அதுதான. வெறுமனே போட்டா எதுவும் வாடிரும்லா," என்றார் அந்த அம்மாள்.

அவர் கணவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் சட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டார். "டாக்டர் தம்பி, அறுக்கது வலது கை. இலையப் பிடிக்கது இடது கை. பிடிக்கதுக்கு இந்த ஒரு விரலுதான். இது இல்லன்னா என்னைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டான். தார் சுமக்கலாம்னா முதுகும் கெடையாது. எப்படியாச்சும் ஒட்டிப்போடுங்க."

ஒட்டிப்போடுவது என்று சொல்ல எளிது. காலையில் ஆரம்பித்து சாயங்காலம் வரை நடந்தது. எலும்புக்குக் கம்பி, அப்புறம் தசைநார், நரம்பு, ரத்தக்குழாய். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்போம். பெருமூச்சு விட்டால் நூல் காணாமல் போகும். ரத்தத்தை உள்ளே கொண்டுவருகிற தமனியைச் சீஃப் தைத்தார். அதை வெளியே கொண்டுபோகிற சிரைகள் விரலின் முதுகுப் பக்கம் நனைந்த காகிதம் போல ஒட்டிக் கிடந்தன. அவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்று. சீஃப் கழுத்தைத் தடவிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இதை நீ போடுலே."

நான் போட்டேன். எட்டுத் தையல். ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்வியை எடுத்ததும் செத்துக் கிடந்த விரல் மெல்லச் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு எனக்குத் தரை தெரியவில்லை. கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் எட்டுத் தையலையும் ஒவ்வொன்றாக வர்ணித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சீனி தூக்கலா, கம்மியா?" என்றார்.

புதன்கிழமை விரல் சிவப்பாகவே இருந்தது. வியாழக்கிழமை காலையில் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. வீங்கி, பளபளவென்று, தொட்டால் தெறித்துவிடும் போலிருந்தது. ஊசியால் ஒரு குத்துக் குத்தினேன். கறுப்பு ரத்தம் வந்தது.

சீஃப் குனிந்து பார்த்தார். "உள்ள வருது, வெளிய போகல. சிரை அடைச்சிட்டு."

"நான் தைச்ச சிரை சார்."

"தெரியும்லே. அது ஒண்ணுதான இருந்துச்சு."

"மறுபடி திறந்து பாத்தா?"

"திறந்து எதைத் தைப்ப? அங்கன என்ன கெடக்கு? புதுசாக் குழாய் முளைக்க அஞ்சாறு நாள் ஆகும். அதுவரைக்கும் தேங்குற ரத்தத்தை எதாவது ஒண்ணு உறிஞ்சிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா விரல் போயிரும்." பிறகு, முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்த அதே வாயால் கேட்டார். "ஒன் தங்கச்சி இன்னும் அட்டை வளக்காளா?"

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே அட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள் என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் சிரித்துக்கொண்டே புரட்டியிருக்கிறேன். எங்கள் குளிர்பெட்டியில் தடுப்பூசியும் யாரோ வைத்து மறந்த மோரும்தான் இருந்தன.

தங்கையின் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் பத்து நிமிடம். வாசலிலேயே தைல வாசனை. மூட்டு வலிக்காரர்களின் வரிசை வராந்தா முழுக்க நின்றது. நான் நேராக உள்ளே போகப் பார்த்தேன். வாசலில் நின்ற பணியாளர் மறித்து, "டோக்கன் எங்க?" என்றார். நானும் டாக்டர்தான் என்றேன். என் தாடியையும் கசங்கிய சட்டையையும் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், டோக்கன் வாங்கிட்டு வாங்க," என்றார். வாங்கினேன். முப்பத்தொன்று.

என் முறை வந்தபோது தங்கை நிமிராமலே, "எந்த மூட்டு?" என்றாள்.

"அட்டை வேணும்."

நிமிர்ந்தாள். அந்த வீடியோ முகம்தான். "எதுக்கு?"

சொன்னேன். அவள் சிரிப்பாள், அல்லது திட்டுவாள் என்று இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன். இரண்டும் இல்லை. கறுத்து எத்தனை மணி நேரமாச்சு, குத்தினால் ரத்தம் வருகிறதா, என்ன நிறம், அவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க என்ன மருந்து போகிறது, என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அந்தச் சிரையைத் தைச்சது யாரு?"

"சீஃப் பக்கத்துலதான் இருந்தாரு."

"தைச்சது யாருன்னு கேட்டேன்."

"நாந்தான்."

எழுந்து உள்ளறைக்குப் போனாள். அங்கே வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பானைத் தண்ணீரை மொண்டு, ஆறு அட்டைகளை எடுத்துவிட்டாள்.

"குளத்து அட்டை. பட்டினி போட்டு வச்சிருக்கேன், நல்லாக் கடிக்கும். இந்தத் தண்ணி அதுக்குப் பழகின தண்ணி. மாத்தாத. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். விரல்ல விடு, அது பாத்துக்கிடும்." பாட்டிலைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, "என்ன சொன்னேன்?" என்றாள்.

"தண்ணியை மாத்தக்கூடாது."

கொடுத்தாள்.

இனிமேல் வருவதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. வார்டுக்கு வந்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரில் பச்சையாக ஏதோ மிதந்தது. அட்டைகளின் முதுகில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. இதையா நான் எட்டுத் தையல் போட்ட விரலின் மேல் விடுவது? டாக்டர் படிப்பில் முதல் நாளிலிருந்து என் தலையில் ஏற்றப்பட்டது ஒரே மந்திரம்: கழுவு. கையைக் கழுவு, புண்ணைக் கழுவு, சந்தேகமாக இருந்தால் மறுபடியும் கழுவு. தண்ணீரை நான் மாற்றவில்லை, அதை நினைவில் வையுங்கள். அட்டைகளை மட்டும் எடுத்தேன். கையுறை போட்டு, கிருமி நீக்கிய தட்டில் விட்டு, புத்தம் புதிய சலைன் பாட்டிலை உடைத்து ஊற்றி, ஆறையும் குளிப்பாட்டினேன். அந்த நேரம் பார்த்து கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்தது. ஊறட்டும், இன்னும் சுத்தமாகட்டும் என்று இலைக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

சலைன் என்பது உப்புத்தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அட்டைமேல் உப்பு பட்டால் என்ன ஆகும் என்பது வாய்க்காலில் குளித்த எல்லாப் பிள்ளைகளையும் போல எனக்கும் தெரியும். இந்த இரண்டு அறிவும் என் மண்டைக்குள் வேறு வேறு தெருவில் குடியிருந்தன. அவை சந்தித்துக்கொண்டதே இல்லை.

மூன்று அட்டைகள் சுருண்டு, அசையாமல் கிடந்தன. மற்ற மூன்றையும் எடுத்து விரலில் விட்டேன். ஒன்று உருண்டு விழுந்தது. இரண்டு சுருங்கிக்கொண்டு அப்படியே கிடந்தன. இலைக்காரர் இதையெல்லாம் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துல போட்டு வச்சிருந்திய, தம்பி?"

"சலைன், அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"சுத்தமான... உப்புத்தண்ணி."

அவர் அட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் கறுத்த விரலைப் பார்த்தார். "வயல்ல நாங்க அப்படித்தான் அதைக் கொல்லுவோம்," என்றார், குரலை உயர்த்தாமல்.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"மூணு செத்துட்டு. மூணு கடிக்க மாட்டேங்குது."

"தண்ணியை மாத்துனியா?"

"மாத்தல. குளிப்பாட்டுனேன்."

"எதுல?"

"சலைன்ல."

"அண்ணே, ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். வைத்தியம் கலக்காமல் ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அரை மணி நேரத்தில் அவளே வந்தாள். ஒரு கட்டைப்பையில் மண்பானை, இன்னொரு பையில் இரண்டு பாட்டில் கிணற்றுத் தண்ணீர். நர்ஸிடம் தான் யாரென்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகக் கட்டிலுக்கு வந்தாள். விரலை முகர்ந்து பார்த்தாள். என்னையும் ஒரு தரம் முகர்ந்தாள்.

"மருந்து வாடை. கையைக் கழுவிட்டு வா. சோப்பு போடாத."

சோப்பு போடாமல் கை கழுவச் சொன்ன முதல் ஆள் அவள்தான். நான் கழுவிவிட்டு வருவதற்குள் அவள் வெறுந்தண்ணீரில் அந்த விரலை மூன்று நான்கு தடவை துடைத்திருந்தாள். ஈரத்துணியில் ஒரு ஓட்டை போட்டு, விரல் நுனி மட்டும் தெரியும்படி மூடி, ஒரு அட்டையை எடுத்து விட்டாள். அது தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. "பைய, பைய," என்றாள் அதனிடம். என்னிடம்கூட அவள் அப்படிப் பேசியதில்லை.

"பிடிச்சிட்டு," என்றார் இலைக்காரர்.

பிடித்துவிட்டது. அட்டை பருக்கப் பருக்க, விரலின் வீக்கம் கண்ணெதிரிலேயே இறங்கியது. அடிப்பக்கத்தில் நாவல்பழக் கறுப்புக்குள் ஒரு கீற்றுப் போலச் சிவப்பு எட்டிப் பார்த்தது. இலைக்காரரின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, இந்த டாக்டர் ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று இலைக்காரர் தங்கையைக் கேட்டார்.

"அண்ணன்."

"கூடப் பொறந்தவியளா?"

"ஆமா."

அவர் தட்டில் சுருண்டு கிடந்த அட்டைகளைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா வளந்திய?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு புது வேலை. சில மணி நேரத்துக்கு ஒரு அட்டை. அது வயிறு நிறைந்து தானாக விழும்வரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ந்து தையலுக்குள் போய்விடும். அந்த யாராவது யார் என்று கேட்டபோது சீஃப் வார்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை, நேராக என்னைப் பார்த்தார். வழக்கமான கட்டுகள், கேஷுவாலிட்டி, தியேட்டர் எல்லாம் அப்படியே இருந்தன. கடித்த இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால் இலைக்காரர் வெளுத்துக்கொண்டே போனார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். அட்டையின் வயிற்றுக் கிருமிக்கென்று தனியாக ஒரு மருந்தும் ஓடியது. தங்கை தினமும் தன் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னும், வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் வந்து பார்த்தாள். சீஃப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளிடம், "டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை விடலாம்?" என்று கேட்பார். என்னிடம் திரும்பி, "ஏலே, குறிச்சுக்கோ," என்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், புது அட்டை ஒன்றைப் பானையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அடுத்து யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. இலைக்காரர்தான், வலது கையால்.

"தம்பி, அது ஒங்களப் பிடிச்சிட்டு."

என் மணிக்கட்டில் அது வசதியாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் போடத் தெம்பில்லை. அந்த வார்டிலேயே அன்று மத்தியானச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்த ஒரே ஜீவன் அது. பாதியில் எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். சாயங்காலம் வந்த தங்கை என் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தாள், குண்டாகக் கிடந்த அட்டையைப் பார்த்தாள், ஒரு தனிக் கிண்ணத்தில் அதை எடுத்துப் போட்டாள். "ஒன்னைக் கடிச்சது அவருக்கு ஆகாது. ஒண்ணு வீண்," என்றாள். வரவேற்பில் நான் மைக்கில் சொன்னதை இருவருமே நினைத்துக்கொண்டோம் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை விரல் நுனி மறுபடி மங்கியது. அட்டை விழுந்த அரை மணி நேரத்தில் திரும்பக் கறுப்பு ஏறியது. சீஃப் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை காலைல பாப்போம். அப்பவும் இப்படியே கெடந்தா எடுத்துருவோம். இதுக்கு மேல அவரு உடம்புல ரத்தம் கெடையாது. நீயே சொல்லிரு." நான் கட்டிலுக்கு வந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது தம்பி. சொல்ல வேண்டாம். நீங்க அட்டையை விடுங்க."

விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்டபோதும் அட்டைதான் விட்டுக்கொண்டிருந்தேன். ஜெபம் பண்ணினேனா என்று அம்மா பின்னால் கேட்டாள். பண்ணினேன், ஆனால் கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன் என்பதால், அட்டையைப் பார்த்துக்கொண்டே பண்ணினேன். அந்த ஜெபம் எங்கே போய்ச் சேர்ந்ததோ.

திங்கட்கிழமை காலை சீஃப் வந்தபோது தங்கையும் வந்திருந்தாள். கடைசி அட்டை விழுந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. விரல் வெளிறிப்போய், தோல் உரிந்து, அவித்த கிழங்கு மாதிரி இருந்தது. ஆனால் கறுப்பில்லை. சீஃப் ஊசியை என்னிடம் நீட்டினார். குத்தினேன். சிவப்பு ரத்தம் வந்தது. நல்ல, சாதாரண, எல்லார் உடம்பிலும் ஓடுகிற சிவப்பு. இலைக்காரரின் மனைவி, "இனி அந்தப் பூச்சி வேண்டாம்ல?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா," என்றாள் தங்கை. பானை வாயில் துணியைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம்.

ஒன்றரை மாதம் கழித்துக் கம்பியை எடுத்தோம். இன்னும் சில வாரம் பயிற்சிக்கு வந்துபோனார். ஒரு நாள் காலை, புறநோயாளிகள் வரிசையில் இரண்டு இலைக்கட்டுகளோடு நின்றார். விரல் கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் மரப்பு. நகம் கோணலாக வளர்ந்திருந்தது. ஒரு இலையை உருவி, அதன் நடுத்தண்டை இடது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினார். நான் இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். இலை கிழிந்தது, பிடி விடவில்லை.

"நாளைலேருந்து தோட்டத்துக்குப் போறேன்," என்றார். சின்னக் கட்டை என் மேஜைமேல் வைத்தார். "இது ஒங்களுக்கு."

"அந்தப் பெரிய கட்டு?"

"அது டாக்டரம்மாவுக்கு. நீங்க வீட்டுல கொடுத்துருங்க. வாடவிட்டுராதிய."

அன்று மாலை பெரிய கட்டைப் பைக்கின் பெட்ரோல் டேங்க்மேல் வைத்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தங்கை வீட்டுக்குப் போனேன். வழி நெடுக ஒரு பேச்சைத் தயாரித்தேன். வாழ்த்துரைக்குக்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை. அவளே கதவைத் திறந்தாள். கட்டை வாங்கி, ஒரு இலையின் நுனியை விரித்துப் பார்த்தாள். கிழிசல் இல்லை. நான் செருப்பைக் கழற்றாமலே, தயாரித்ததில் பாதியை மறந்துபோய், மீதியைச் சொன்னேன்.

"அவரு விரல் நிலைச்சிட்டு. ஒன்னாலதான். அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு நான் பேசினேன்லா, நிஜ டாக்டர் அது இதுன்னு. அதை அப்படியே வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

அவள் இலையை மடித்துக் கட்டுக்குள் செருகினாள்.

"அது வீடியோவுல இருக்கு."